கத்தரிக்காயில் புழு, சுவரில் பல்லி

மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு சென்னையில் நடக்கிற இயற்கைச் சந்தைக்குக் காய் கொண்டு போகிறேன். போன ஆடியில் ஒரு நாள். ஒரு அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆறேழு வயசுப் பையன். பொறுக்கிய காய் ஒன்றில் ஓட்டை. அதிலிருந்து காய்த்துளைப்பான் புழு மெதுவாகத் தலையை நீட்டியது. பையன் குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு வாய் இருக்கும்மா" என்றான். அவ்வளவு சந்தோசம் அவன் முகத்தில். அந்த அம்மா "ச்சீ, தொடாதே" என்று கையைப் பிடித்து இழுத்தார். கூடையில் எடுத்ததை எல்லாம் திரும்பக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு நட்டம் ஒரு கிலோ கத்தரிக்காய். அது கிடக்கட்டும். வண்டியில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பையன் நினைப்புதான். இன்னும் இருபது வருசத்தில் அவன் சம்பாதித்துக் காய்கறி வாங்க வருவான். அன்றைக்கு அவன் "வாய் இருக்கு" என்று சொல்கிற ஆளாக வருவானா, "ச்சீ" என்று சொல்கிற ஆளாக வருவானா? நம்ம பிள்ளைகள் வயலில் மருந்தடிப்பதும் அடிக்காததும் அதைப் பொறுத்துத்தான் இருக்கும். புள்ளி இல்லாத, ஓட்டை இல்லாத, பளபளக்கிற காய்தான் வேணும் என்று வாங்குகிறவன் கேட்டால், அதற்கு ஒரே வழி என்ன என்று நமக்குத் தெரியும். கத்தரிக்கு எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, அவர் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

நகரத்துப் பிள்ளைக்கு விலங்கு என்றால் யானை, புலி, சிங்கம். டைனோசர் என்றால் பத்துப் பேர் சொல்லும். ஆனால் தான் குடியிருக்கிற வீட்டு வாசல் வேப்பமரத்தில் தினமும் கத்துகிறது எது என்று கேட்டால், "பறவை" என்னும். வருசத்துக்கு ஒரு தடவை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதில் பிள்ளை என்ன படிக்கிறது? விலங்கு என்றால் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது, சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது.

நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. இயற்கைப் பண்ணை வைத்திருக்கிறவர்களில் பலபேர் இப்போது பண்ணைச் சுற்றுலா நடத்துகிறோம். நானும் மூணு தடவை நடத்தினேன். பேருந்தில் நாற்பது பிள்ளைகள் வரும். மாட்டு வண்டி ஒரு சுற்று, சேற்றில் இறங்கி ஒரு படம், இளநீர், கம்பங்கூழ், கைதட்டல். ஊருக்குப் போனதும் அந்தப் பிள்ளை வீட்டுச் சமையலறையில் பல்லியைப் பார்த்துக் கத்தும், அம்மா மருந்துப் புட்டியை எடுப்பார். இயற்கை என்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி, நம்ம ஊரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கிற ஒரு சாமான் என்று நாமே சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அதனால் நான் நிறுத்திவிட்டேன்.

உண்மையில் சென்னை மாதிரி ஊரில் என்ன இல்லை? ஊர் நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. 1978இல் அறிவித்தது, மூணு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காடு. அதில் புள்ளிமானும் வெளிமானும் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு பக்கம் குப்பை மேடு, ஒரு பக்கம் ஐ.டி. கட்டடம், நடுவில் பூநாரை நிற்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. பூங்கா, ஏரி எல்லாம் போய்ப் பார்க்க வேண்டிய இடம். பிள்ளை தினமும் இருக்கிற இடத்தில் இருக்கிறதைச் சொல்கிறேன்.

என் பேத்தி மடிப்பாக்கத்தில் மூணாவது மாடியில் இருக்கிறாள். வயசு எட்டு. பால்கனியில் ஒரே ஒரு தொட்டி, கறிவேப்பிலை. போன தடவை நான் போனபோது இலையெல்லாம் கடித்திருக்கிறது, மருந்து ஏதாச்சும் சொல்லுங்கப்பா என்றாள் மருமகள். பார்த்தேன். இலை மேல் காக்கா எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக் கிடந்தது. பேத்தியைக் கூப்பிட்டு, "இது என்ன சொல்லு" என்றேன். "உவ்வே, கக்கா" என்றாள். "ஒரு குச்சி எடுத்து லேசாத் தொட்டுப் பாரு" என்றேன். தொட்டதும் அந்த எச்சத்துக்குத் தலைக்குப் பின்னாலிருந்து கிச்சிலி நிறத்தில் ரெண்டு கொம்பு நீண்டது, கூடவே ஒரு நாற்றம். பிள்ளை குதித்த குதி இருக்கிறதே! அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் மாதிரி வேசம் போடும், குருவி தின்னாது. பெரிசானதும் பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். அப்புறம் குச்சியில் நூல் கட்டித் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். மூணு நாலு வாரத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை எல்லாம் அந்த ஒரு தொட்டியிலேயே முடிந்துவிடும். எந்த வனவிலங்குப் படத்தில் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது?

நம்மில் எலுமிச்சை நாற்று போடுகிறவர்களுக்கு இந்தப் புழு யார் என்று தெரியும். நாற்றங்காலை மொட்டையடிக்கிற ஆள். நானே கையால் பொறுக்கி நசுக்கியிருக்கிறேன். மூணாவது மாடியில் அதற்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நின்றேன். இலை போனால் வாரத்தில் துளிர்க்கும், ரசத்துக்குக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள் என்று மருமகளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

அடுத்து குளவி. ஜன்னல் சட்டத்தில், திரைச்சீலை மடிப்பில், சுவிட்சு ஓட்டையில் மண்ணால் பானை மாதிரி கூடு கட்டும். நகரத்தில் பார்த்த உடனே துடைப்பத்தால் தட்டிவிடுகிறார்கள். காலிக் கூடு ஒன்று கிடைத்தால் பிள்ளைகளிடம் கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம்ம பெரியவர்கள் சொல்லி வைத்தது இதைப் பார்த்துத்தான். தாய்க்குளவி பச்சைப் புழுவைப் பிடித்து, கொல்லாமல் கொட்டி மயங்க வைத்து, கூட்டுக்குள் அடுக்கி, கூடவே முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போகிறது. உள்ளே பொரிக்கிற குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. அடைத்த புழு குளவியாக மாறியது போலத் தெரியும். குளவியில் சில வகை புழுவை அடுக்கும், சில வகை சிலந்தியை அடுக்கும். எது என்ன அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பதே பிள்ளைக்கு ஒரு வாரத்து வேலை. மடிப்பாக்கத்து ஜன்னலில் புழு பிடிக்கிற இந்த வகைக் குளவிதான் நம்ம வயலிலும் புழு பிடிக்கிறது. நன்மை செய்யும் பூச்சி என்று நாம் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறோமே, அதே ஆள்.

பல்லிக்கு வருவோம். சுவரில் ஓடுகிற பல்லிக்கு விசம் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாடு வயிற்றைக் கெடுக்கலாம், அது அதன் உடம்பில் இருக்கிற கிருமியால். அதற்காகச் சோற்றை மூடி வைக்க வேண்டுமே தவிர பல்லியைக் கொல்ல வேண்டியதில்லை. அதன் கண்ணுக்கு இமை இல்லை, நாக்கை நீட்டித் தானே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். வாலை விட்டுவிட்டு ஓடினால் வால் தனியாகத் துடிக்கும், புதுசு முளைக்கும். முட்டை ரெண்டு ரெண்டாக இடும், படச்சட்டத்துக்குப் பின்னால் தேடினால் வெள்ளையாக இருக்கும். ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ஒரு பல்லி பத்து நிமிசத்தில் எத்தனை பூச்சி பிடிக்கிறது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்த நாட்டில், பல்லி எங்கே தூங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை பாருங்கள்.

ஒரு விசயம் இங்கே சொல்லிவிட வேண்டும். எலிக்கென்று கடையில் விற்கிற ஒட்டுகிற அட்டையை வீட்டில் வைக்கிறார்கள். அதில் எலியைவிடப் பல்லியும் ஓணான் குட்டியும் ஒட்டிக்கொண்டு ரெண்டு நாள் துடித்துச் சாகிறதுதான் அதிகம். எலிப்பாசாணம் வைத்தால் அந்த எலியைத் தின்கிற ஆந்தைக்கும் பூனைக்கும் கேடு. நாம் வயலில் எலிக்கு 'டி' வடிவக் குச்சி நட்டு ஆந்தையைக் கூப்பிடுகிறோம். நகரத்தில் அதே வேலைக்குச் சம்பளம் இல்லாமல் வந்து உட்கார்ந்த ஆந்தைக்கு விசம் வைக்கிறோம். புள்ளி ஆந்தை சென்னையில் பல தெருவில் இருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் தெருவிளக்குப் பக்கத்துக் கம்பியில் வந்து உட்காரும், விளக்குக்கு வருகிற பூச்சியைப் பிடிக்கும். ஆந்தை அலறினால் சாவு என்று பாட்டி சொன்னதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது இருக்கிற பொந்து எந்த மரத்தில் என்று காட்டவில்லை.

இதெல்லாம் தெரியாத பிள்ளைக்கு இரவு விலங்கைத் தடயத்தை வைத்தே காட்டலாம். காலையில் கார் மேல் வாதாங்கொட்டை கடித்துப் போட்டுக் கிடக்கிறதா? வௌவால் கொண்டு வந்து தின்ற இடம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பழக்கொட்டையோடு எச்சம் கிடக்கிறதா? மரநாயாக இருக்கலாம், ராத்திரி ஓட்டுக் கூரை மேல் தடதட என்று ஓடுவதும் அதுவாக இருக்கலாம். காலி மனையில் கீரி குறுக்கே ஓடும். துப்பறிகிற கதை கேட்கிற வயசில் இதைக் கொடுத்தால் விடுவார்களா?

குயிலைப் பற்றி ஒன்று. சித்திரை வைகாசியில் சென்னையில் விடிகாலை கூவுகிறதே, அது ஆண். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, அதைக் குயில் என்றே பலருக்குத் தெரியாது. முட்டை போடுவது காக்கா கூட்டில். காக்கா கூட்டம் எதையோ விரட்டிக்கொண்டு போனால் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், முன்னால் போகிறது குயிலாக இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் "குயில் கூவும்" என்று ஒரு வரி படிக்கிற பிள்ளை, இந்தச் சண்டையை ஜன்னலிலிருந்து ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

பறவை அறிஞர் சலீம் அலி காட்டில் பிறந்தவர் இல்லை, 1896இல் பம்பாய் நகரத்தில் பிறந்தவர். பத்து வயசு வாக்கில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை அடித்தார். பார்த்தால் தொண்டையில் மஞ்சள் தீற்று, வழக்கமான சிட்டுக்குருவி இல்லை. இது என்ன என்று மாமாவைக் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. "ச்சீ, தூக்கிப் போடு" என்று அவர் சொல்லவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டு போய்க் கேள் என்று அனுப்பி வைத்தார். அங்கே மில்லார்டு என்கிற வெள்ளைக்காரர் அந்தப் பையனுக்காக நேரம் ஒதுக்கி, பறவையின் பேரைச் சொல்லி, பாடம் பண்ணி வைத்திருந்த பறவைகளை எல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. பையன் கேட்டான், ரெண்டு பெரியவர்கள் மதித்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அந்த ரெண்டாவது ஆள் இன்றைக்கு நகரத்தில் எங்கே இருக்கிறார்? அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். ஆசிரியருக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை. ஆனால் நம்ம இதழ் படிக்கிற வீடுகளில் பாதிக்குப் பாதி, மகனோ மகளோ சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாம் மாசக்கணக்கில் அங்கே போய் இருக்கிறோம். போய் என்ன செய்கிறோம்? நாடகம் பார்க்கிறோம், ஊரில் மழை பெய்ததா என்று போன் போட்டுக் கேட்கிறோம், எப்போது திரும்பலாம் என்று நாள் எண்ணுகிறோம். நாற்பது வருசம் வயலில் நின்று பூச்சி, பறவை, பாம்பு, எலி என்று பார்த்த கண்ணை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். இங்கே என்ன இருக்கு, எல்லாம் சிமெண்டு என்று சொல்கிற முதல் ஆள் நாம்தான். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், பத்து நிமிசம். பிள்ளையோடு நின்று பார்ப்பது. நமக்குத் தெரிந்த பேரை நம்ம ஊர்ப் பேரிலேயே சொல்வது. கரிச்சான், தவிட்டுக்குருவி, செம்போத்து, சாரை, ஓணான் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பேராவது பிழைக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, சேர்ந்து தேடுவது. சனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் 15 நிமிசம் நின்று எண்ணிப் பதிந்தால் போதும், பேரப்பிள்ளை போனைப் பார்த்துக்கொள்ளும், நாம் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். சனவரியிலிருந்து பங்குனி வரைக்கும் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகிற ஆமைக்கு நம்ம மீனவர்கள் வைத்த பேரே பங்குனி ஆமை. 1988லிருந்து மாணவர்கள் சேர்ந்து ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து அந்த முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள். பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளை இருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

ஆசையாகச் சொல்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலையும் படத்தில் காட்டி வையுங்கள். எந்தப் பாம்பாக இருந்தாலும் தள்ளி நிற்கணும், பெரியவரைக் கூப்பிடணும், பெரியவர் வனத்துறைக்குச் சொல்லணும். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கக் கூடாது. 15 நிமிசம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசி. விழுந்து கிடக்கிற வௌவாலைக் கையால் தொடக் கூடாது. புறாவுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் போடுவதை நான் புண்ணியத்தில் சேர்க்க மாட்டேன். புறா பெருகி எச்சத்தால் நுரையீரல் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிட்டுக்குருவிக்குத் தினை வைக்கிறார்கள், நல்லது. ஆனால் சிட்டுக்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சி. புழு இல்லாத தெருவில் தினை மட்டும் வைத்தால் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? மாடிக்கு மாடி பூச்சி மருந்து அடித்துவிட்டு, மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி நாள் கொண்டாடுகிறோம்.

"நீங்க மட்டும் வயல்ல மயிலை விரட்டறீங்களே" என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும், நியாயம்தான். மயிலும் காட்டுப்பன்றியும் நம்மைப் படுத்துகிற பாடு தனிக் கட்டுரை. சண்டை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கு மயிலைத் தெரியும். அது எப்போது வரும், எதைத் தின்னும், எங்கே அடையும் என்று தெரிந்துகொண்டு போடுகிற சண்டை அது. என்னவென்றே தெரியாமல் புட்டியை எடுத்து அடிப்பது வேற.

2020 ஊரடங்கு நேரத்தில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கிற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் இருந்தது. கிராமம் என்பதால் முடிந்தது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருப்பது குப்பை இல்லை, கூடு என்று ஒருத்தருக்குத் தெரிந்தது, மற்றவர்களிடம் சொன்னார், கேட்டார்கள். அடுக்குமாடியிலும் மின்பெட்டி இருக்கிறது, திறந்து பார்க்கிற ஆளும் இருக்கிறார்.

நான் இப்போது சந்தையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஓட்டை விழுந்த கத்தரிக்காயை முன்பெல்லாம் வீட்டிலேயே கழித்துவிட்டு வருவேன். இப்போது நாலஞ்சைத் தனித் தட்டில் போட்டு மேசையின் ஓரத்தில், பிள்ளைகள் உயரத்துக்கு வைக்கிறேன். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி, கறிவேப்பிலைக் கொத்தில் இருக்கிற புழு ரெண்டு. அம்மா காய் பொறுக்குகிற வரைக்கும் பிள்ளை அங்கே நிற்கும். முதல் வாரம் ரெண்டு பேர் முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். மூணாவது வாரம் ஒரு பொண்ணு, ஐந்து வயசு இருக்கும், வரிசையில் நின்ற தன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து புழுவைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஓட்டைக் காயையே அரைக் கிலோ கேட்டார், விலையைக் குறைக்கச் சொல்லி. குறைத்துக் கொடுத்தேன்.